வால்வு ஆம்பிளிபையர்: கட்டுவது பாதி, கோளாறு பிடிப்பது பாதி

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

1950, 1960-ம் ஆண்டுகளில் ஊரில் கல்யாணம் என்றால் மேளச் சத்தத்துக்கு முன்னால் இந்தக் குரல்தான் கேட்கும். திண்ணை ஓரமாக மைக் செட்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் கனமான ஓர் இரும்புப் பெட்டி. அதன் மேல் நாலைந்து கண்ணாடிக் குமிழ்கள். குமிழுக்குள் செந்தணல் போல ஒரு வெளிச்சம். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "தொடாதே, சுட்டுவிடும்!" என்று அவர் விரட்டிக்கொண்டே இருப்பார்.

அந்தக் குமிழ்தான் வால்வு. அந்தப் பெட்டிதான் ஆம்பிளிபையர்.

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாசி மகம் என்றாலும், சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம் என்றாலும், மஞ்சக்குப்பத்தில் பொதுக் கூட்டம் என்றாலும் அந்நாளில் குரலைப் பெருக்கியது வால்வுதான். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. சூடு இல்லை, கனம் இல்லை, விலையும் குறைவு. வால்வுப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன.

ஆனாலும் வால்வு செத்துப் போகவில்லை. கிதார் வாசிக்கிறவர்களும், இசைத்தட்டு கேட்கிறவர்களும் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ரஷ்யாவிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலும் வால்வுத் தொழிற்சாலைகள் நடக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டென்ஸ், கண்டென்சர் வாங்கி, காயில் கட்டும் கடையில் டிரான்ஸ்பார்மர் சுற்றச் சொல்லி, வீட்டு மேஜை மேல் கையால் ஒயர் இழுத்து ஆம்பிளிபையர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுவது பெரிய கம்ப சூத்திரம் அல்ல. படத்தைப் பார்த்துப் பொறுமையாக ஈயம் வைத்தால் நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு வருவதற்குப் பதிலாகக் "கொர்ர்ர்..." என்று ஒரு சத்தம் வருகிறதே, அப்போதுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

வீராணத்து மதகு

வால்வு எப்படி வேலை செய்கிறது?

காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஏரி நிறையத் தண்ணீர். கரையில் மதகு. ஓர் ஆள் மதகின் திருகைச் சிறிது சுற்றுகிறார். கதவு ஓர் அங்குலம் தூக்குகிறது. வாய்க்காலில் வெள்ளம் புரண்டு ஓடுகிறது. அந்த ஆளின் கைப்பலம் கொஞ்சம்தான். ஆனால் அத்தனை தண்ணீரும் அவர் கைக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது.

வால்வின் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. அதற்குப் பெயர் காதோடு. அதைச் சூடாக்கினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றிலும் ஒரு தகடு. அதற்கு ஆனோடு என்று பெயர். தகட்டுக்கு 250 வோல்ட் கொடுத்தால் அது எலெக்ட்ரான்களை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று. அதுதான் கிரிட். இதுவே மதகுக் கதவு. மைக்கில் இருந்து வரும் சின்னஞ்சிறு மின்சாரம் கிரிட்டை ஆட்டுகிறது. தகட்டில் ஓடும் பெரிய மின்சாரம் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. குரல் பெரிதாகிறது. குமிழுக்குள் காற்று இருக்கக் கூடாது. காற்று புகுந்தால் வால்வு போயிற்று.

இங்கிலாந்தில் பிளெமிங் 1904-ம் ஆண்டில் காதோடும் தகடும் மட்டும் உள்ள வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் நடுவில் அந்தக் கம்பியை வைத்தார். உலகம் முழுதும் ரேடியோவும் ஒலிபெருக்கியும் பேசியது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டிலும் இந்தப் பித்து பழையது. சென்னையில் 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று ஒரு ரேடியோ கிளப் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று கிளப் ஒலிபரப்பையே ஆரம்பித்துவிட்டது. அரசாங்கம் செய்ததல்ல, ஆர்வலர்கள் சேர்ந்து செய்தது! பணம் இல்லாமல் 1927-ல் அது மூடியது. கருவி சென்னை மாநகராட்சிக்குப் போயிற்று. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கியது. கோவை ஜி. டி. நாயுடு 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் வால்வு தயாரித்தது. அந்தப் பெயர் பொறித்த வால்வுகளை இன்றும் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

மூன்று வால்வு போதும்

புதிதாகக் கட்டுகிறவருக்கு மூன்று வால்வு போதும். முதல் வால்வு ஈ.சி.சி. 83. இது குரலைச் சுமார் ஐம்பது மடங்கு பெருக்கும். அடுத்தது ஈ.எல். 84. ஸ்பீக்கரைத் தள்ளும் பலம் இதனுடையது. மூன்றாவது ஈ.இசட். 80. வீட்டு மின்சாரம் முன்னும் பின்னும் ஆடுவது. அதை ஒரே திசையில் ஓடச் செய்வது இந்த மூன்றாம் வால்வின் வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால் நாலைந்து வாட் சத்தம் கிடைக்கும். ஒரு கூடத்துக்கு இது தாராளம்.

டிரான்ஸ்பார்மர் இரண்டு வேண்டும். ஒன்று 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, வால்வுகளைச் சூடாக்க 6.3 வோல்ட்டும், தகட்டுக்கு 250 வோல்ட்டும் தருவது. மற்றொன்று வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரகர். வால்வு கேட்பது 5000 ஓம். ஸ்பீக்கர் இருப்பதோ 8 ஓம். இருவரையும் சமாதானம் செய்ய, ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று என்ற கணக்கில் காயில் சுற்ற வேண்டும். இந்த டிரான்ஸ்பார்மரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மட்டமான இரும்பில் சுற்றினால் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போகும்.

வால்வைச் சூடாக்கும் இரண்டு ஒயர்களையும் கயிறு திரிப்பது போல நெருக்கமாகத் திரித்து, பெட்டியின் மூலை ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். நேராகக் கொண்டுபோனால் இரைச்சல் உள்ளே வரும். ஈயம் வைத்த இடம் பளபளவென்று வழிந்து படிந்திருக்க வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. இன்றைக்குப் பாடும், மழைக்காலத்தில் காலை வாரும்.

மூன்று முள் பிளக்கில் உள்ள எர்த் ஒயரை இரும்புப் பெட்டியோடு நட்டு போட்டு முறுக்கியே தீர வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

அணைத்த பிறகும் அடிக்கும்

ஆர்வம் உள்ள பையன்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கட்டும். பெற்றோரும் படிக்கட்டும்.

வீட்டு மின்சாரத்தில் ஷாக் அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். அபாயம் போய்விட்டது என்று நினைக்கிறோம். வால்வு ஆம்பிளிபையரில் அப்படி அல்ல. உள்ளே பெரிய கண்டென்சர்கள் இருக்கின்றன. தொட்டியில் தண்ணீர் நிற்பது போல அவற்றில் 300 வோல்ட் நிற்கும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கவிழ்த்து வைத்த பிறகும் நிற்கும். கை பட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

ஆகவே கட்டும்போதே அந்தக் கண்டென்சரின் இரு முனைக்கும் குறுக்கே 1 லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டென்ஸ் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். அணைத்ததும் அது தொட்டியைக் காலி செய்யும். அரை நிமிஷம் போதும். அப்படியும் நம்பிவிடக் கூடாது. அந்த ரெசிஸ்டென்ஸே ஒருநாள் அறுந்து போகலாம். கை வைப்பதற்கு முன் மீட்டரை வைத்து, முள் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் "படார்" என்று தீப்பொறி பறக்கவிட்டுக் காலி செய்கிறவர்கள் உண்டு. அது வீரம் அல்ல. கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

மின்சாரம் ஓடும்போதே அளக்க வேண்டிய கட்டமும் வரும். அப்போது பழைய மெக்கானிக்குகள் சிஷ்யப் பையனிடம் சொல்லுகிற பாடம் ஒன்றுதான். "டேய் தம்பி, இடது கையைப் பையில் போடு!" ஒரு கையில் நுழைந்த மின்சாரம் மறு கை வழியாக வெளியேறினால் நடுவில் இருப்பது இருதயம். ஒரு கை பைக்குள் இருந்தால் அந்த வழி அடைபடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையே கூடாது.

முதல் வெளிச்சம்

கட்டி முடித்த பெட்டியை நேராகச் சுவரில் சொருகுவது பெரிய தவறு. நடுவில் ஒரு சீரிஸ் பல்பு வேண்டும். பழைய 100 வாட் இழை பல்பு ஒன்றைப் பெட்டிக்குப் போகும் ஒயரில் தொடராகப் போட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால், நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே அணைக்கவும். பல்பு மட்டும் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்து போயிருக்கும். மலிவான சாமான் விலை கூடிய சாமானைக் காப்பாற்றுகிறது!

பிறகு மீட்டர். இங்கேதான் அனுபவசாலிக்கும் அவசரக்காரருக்கும் வித்தியாசம் தெரியும். அவசரக்காரர் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார். அனுபவசாலி நாலே இடத்தில் அளப்பார்.

பெரிய கண்டென்சரில் சுமார் 270 வோல்ட் இருக்கிறதா? ஈ.சி.சி. 83-ன் தகட்டில் 150 வோல்ட் அளவில் இருக்கிறதா? அதன் காதோடில் ஒன்றரை வோல்ட் உண்டா? கடைசியாக ஈ.எல். 84-ன் காதோடில் 7 வோல்ட்டைச் சற்றே தாண்டி நிற்கிறதா?

இந்தக் கடைசி எண்தான் நாடி. காதோடில் 135 ஓம் ரெசிஸ்டென்ஸ் இருக்கிறது. 7.2 வோல்ட்டை 135-ஆல் வகுத்தால் 0.053 வருகிறது. அதாவது 53 மில்லி ஆம்பியர். இவ்வளவுதான் அந்த வால்வுக்கு உரிய ஓட்டம். பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும், வால்வுக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

எண் எல்லாம் சரியாக இருந்து, பாட்டுக்குப் பதில் "வீல்" என்று ஊளை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்துச் சத்தத்தில் ஒரு துளியை முதல் வால்வுக்குத் திருப்பிவிட்டுக் குரலைச் சுத்தமாக்கும் ஏற்பாடு சில படங்களில் இருக்கும். அங்கே டிரான்ஸ்பார்மரின் இரு முனைகள் இடம் மாறியிருக்கின்றன. அணைத்து, மாற்றி வைத்தால் ஊளை நின்றுவிடும்.

எந்த ஸ்தாயியில் இரைகிறது?

"கொர்ர்ர்" சத்தத்துக்கு வருவோம்.

இங்கே சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் ஏற்பட்டதிலிருந்து தமிழ் இசையும் ஊறிய ஊர் அது. ஸ்ருதி பிடிக்கத் தெரிந்த காது அங்கே நிறைய. அந்தக் காதால் பாதிக் கோளாறைப் பிடித்துவிடலாம்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. சூடாக்கும் ஒயரில் இருந்தோ, எர்த் சரியில்லாமலோ இரைச்சல் நுழைந்தால் அது 50-ல் ஒலிக்கும். அடி வயிற்றில் அதிரும் கீழ்க் குரல். மூன்றாம் வால்வு மின்சாரத்தை ஒரே திசையில் திருப்பும்போது துடிப்பு இரட்டிக்கிறது, 100 ஆகிறது. பெரிய கண்டென்சர் வறண்டு போய், இந்தத் துடிப்பை அடக்க முடியாமல் போனால் இரைச்சல் 100-ல் வரும். இரண்டுக்கும் ஸ்ருதி ஒன்றே, ஸ்தாயிதான் வேறு. கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம் போல. கீழ் ஷட்ஜம் கேட்டால் ஒயரைப் பார். மேல் ஷட்ஜம் கேட்டால் கண்டென்சரைப் பார்.

காது பழகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சத்தம் கூட்டும் குமிழைத் திருகிப் பார்க்கலாம். இரைச்சலும் கூடிக் குறைந்தால் கோளாறு குமிழுக்கு முன்னால். மாறவே இல்லையென்றால் அதற்குப் பின்னால். பிறகு அணைத்துவிட்டு முதல் வால்வைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்க்கலாம். இரைச்சல் நின்றால் திருடன் முன் அறையில். நிற்காவிட்டால் பின் அறையில்.

புதிதாகக் கட்டியவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான். எர்த் ஒயர்களைப் பெட்டியில் கிடைத்த இடத்தில் எல்லாம் பற்றவைப்பது. நாலு வீட்டுச் சாக்கடையைக் கொண்டுபோய்க் குடிதண்ணீர் வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்? பெரிய கண்டென்சரின் அழுக்கு மின்சாரம் மைக் போகும் வழியிலேயே போகிறது. எல்லா எர்த்தையும் தனித்தனி ஒயரில் கொண்டுவந்து, மைக் சொருகும் இடத்துக்கு அருகே ஒரே புள்ளியில் சேர்த்துப் பாருங்கள். பல பெட்டிகள் அத்தோடு வாயை மூடிக்கொள்ளும்.

உப்புக் காற்றின் வேலை

கடலூருக்கு என்று ஒரு தனி வியாதி உண்டு. கடற்காற்று.

தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்வதை எல்லாரும் பார்க்கிறோம். அந்தக் காற்று ஆம்பிளிபையரை மட்டும் விட்டுவிடுமா? வால்வு உட்காரும் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. பாட்டின் நடுவே "கர்முர்" சத்தம் வருகிறது. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டினால் எந்த இடம் அலறுகிறதோ அங்கேதான் கோளாறு. குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அணைத்து, தொட்டியைக் காலி செய்து, வால்வைச் சொருகிச் சொருகி எடுத்தாலே பாதிக் களிம்பு போய்விடும். தட்டும்போது ஒரு வால்வு மட்டும் மணி போல "டிங்" என்று ஒலித்தால், உள்ளே கம்பி ஆட்டம் கண்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டியதுதான்.

களிம்பு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் கொல்லுவது வேறொன்று.

ஈ.சி.சி. 83-ன் தகட்டுக்கும் ஈ.எல். 84-ன் கிரிட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கண்டென்சர் இருக்கிறது. பாட்டை மட்டும் விட்டு, 150 வோல்ட்டைத் தடுத்து நிறுத்தும் வாயில் காவலன் அது. பழைய பெட்டிகளில் அது மெழுகு பூசிய காகிதத்தால் ஆனது. ஆண்டுக் கணக்கில் ஈரக் காற்றை உறிஞ்சிய காகிதம் கசியத் தொடங்குகிறது. கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் சில வோல்ட் ஏறிவிடுகிறது. மதகுக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது!

பாட்டு அப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். சற்றுக் கரகரக்கும், அவ்வளவுதான். கேட்பவர் ஸ்பீக்கரைக் குறை சொல்லுவார். ஆனால் காதோடில் 7 இருந்த இடத்தில் 10, 12 என்று வோல்ட் ஏறும். 12 வாட் சூடு தாங்கக் கூடிய தகட்டில் சூடு 20 வாட்டை நெருங்கும். தகடு அடுப்புத் தகடு போலச் சிவக்கும். வால்வு போகும். கவனிக்காவிட்டால் அதன் பின்னால் டிரான்ஸ்பார்மரும் போகும். கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கி வந்த மைக் செட்காரருக்கு, அந்நாளில் அது அந்த மாதத்துச் சாப்பாட்டுப் பணம்.

கண்டுபிடிப்பது எளிது. அணைத்து ஈ.எல். 84-ஐக் கழற்றிவிட வேண்டும். மறுபடி போட்டு, அதன் கிரிட் முனையில் அளக்க வேண்டும். பூஜ்யம் என்றால் காவலன் யோக்கியன். இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சரை வைக்கலாம். அது ஈரத்தை எளிதில் உறிஞ்சாது.

தேர் வரும் நேரம்

வால்வு ஆம்பிளிபையருக்குப் பிடிக்காத காரியம் இன்னொன்று. ஸ்பீக்கர் இல்லாமல் பாடச் சொல்வது. டிரான்சிஸ்டர் பெட்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வுப் பெட்டி பொறுக்காது. தள்ளுவதற்கு ஸ்பீக்கர் இல்லாதபோது டிரான்ஸ்பார்மருக்குள் வோல்ட் பல மடங்கு எகிறி, காயிலை உள்ளேயே பொத்துவிடும்.

வீதிக்குக் குறுக்கே ஒயர் கட்டி ஹாரன் வைத்திருப்பவர், தேர் வருகிறது என்று ஒயரை அவிழ்க்கும் முன் ஆம்பிளிபையரை அணைக்க வேண்டும். ஒயரை முதலில் அவிழ்த்துவிட்டுப் பெட்டியிடம் ஓடி வந்தால் நேரம் கடந்துவிடும். வீட்டில் கட்டுகிறவருக்கும் இதே விதிதான். சோதனைக்கு ஸ்பீக்கர் கிடைக்காவிட்டால் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டென்ஸ் ஒன்றை அந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

பரணில் இருந்து இறக்கும் பெட்டி

தாத்தா காலத்து மைக் செட் பரணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூசி தட்டியதும் பிளக்கைச் சொருகத்தான் கை துடிக்கும். சொருகக் கூடாது.

முதலில் வால்வுகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உள்ளே ஓரிடத்தில் வெள்ளி போலப் பூச்சு இருக்கும். அது பளபளவென்று இருந்தால் வால்வு பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அதைத் தூர வைத்துவிடலாம். காகிதக் கண்டென்சர்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவது மேல். ஒயரின் ரப்பர் உறை நொறுங்குகிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். நொறுங்கினால் மொத்த ஒயரையும் மாற்ற வேண்டும். பெரிய கண்டென்சர் உப்பியோ கசிந்தோ இருந்தால் அதுவும் வெளியே போக வேண்டியதுதான். புதியதை வைக்கும்போது பிளஸ், மைனஸ் மாறினால் அது வெடிக்கும்.

இத்தனையும் ஆன பிறகு ஸ்பீக்கரை மாட்டி, சீரிஸ் பல்பைப் போட்டு, கையைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டலாம். பல்பு ஒரு தடவை பிரகாசித்து மங்கும். இருபது விநாடிக்குள் குமிழ்களில் செந்நிறம் ஏறும். ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய "ஸ்ஸ்..." சத்தம் கேட்கும். அப்போது மைக்கைச் சொருகி, "ஹலோ" என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்.